நான் நீக்கிய வரி

இதை அன்றே மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். புனேயில், கராடியில் எங்கள் அலுவலகத்தில், என் புரோகிராம் எண்களை நேரடியாக, உடன் வேலைபார்த்த மாலதியின் புரோகிராமுக்குள் எழுதிவிடும். கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. எழுதி முடியும்வரை அவருடையதைக் காக்கவைக்க என்னுடையதில் ஒரு வரி உண்டு. வேகத்துக்காக அதை நீக்கினேன், பாராட்டும் வாங்கினேன்.

அதன்பின் அவருடைய புரோகிராம் பாதி எழுதிய எண்களை எடுத்துக் கணக்குப் போட்டது; மாலதியின் விடைகள் தாறுமாறாக வந்தன. மூன்று வாரம் தன் புரோகிராமிலேயே தவறைத் தேடினார்.

"ஏனுங்க, உங்க பக்கம் ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தலையேங்க."

சொல்லும்போதே அந்த வரி நினைவுக்கு வந்தது. என் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாலதியை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மறுவாரம் அந்த வரியைச் சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்தேன்; விடைகள் சரியாக வந்தன. மாலதியின் பிழையைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று நினைத்து, "ஷாபாஷ்!" என்று மேனேஜர் கைதட்டினார். எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

பொய் சொன்னதைப் பயம் என்று சொல்லிக்கொள்வேன். அந்த நன்றியை என்னவென்று சொல்வது?