மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பிட்சர்

என் கணவருக்கு விளையாட்டு மூளை உண்டு என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டுக் கோடையில் மொன்றியலின் பெரிய பேஸ்பால் அணி, வளர்ந்துவந்த தன் இளைஞர்களை இன்னோர் அணிக்குக் கொடுத்து, பெயர்பெற்ற ஒரு பிட்சரை, அதாவது பந்து எறிபவரை, வாங்கியது. இவர் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று அந்தச் செய்தியைப் பார்த்தார். இது எங்கள் வீட்டுக்குள்ளும் வரும் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

ஏனென்றால் இவரும் ஓர் அணி வைத்திருந்தார். தமிழ்ப் பெற்றோர் சேர்ந்து நடத்திய பிள்ளைகளின் கோடைப் போட்டி அது. எங்கள் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷன் அணிக்கு இவர்தான் பயிற்சியாளர். எங்கள் பதினொரு வயது மகளும் அதில் இருந்தாள். பிடித்த பந்தைவிட விட்ட பந்துதான் அதிகம். ஆனாலும் வாரத்துக்கு வாரம் ஒரு பந்தாவது கூடுதலாகப் பிடித்தாள். சாப்பாட்டு மேசைக்கும் கையுறையோடுதான் வருவாள்.

ஒருநாள் ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது இவர் மெல்லத் தொடங்கினார்.

"பாலத்துக்கு அங்கால, புரோசார்ட் ரீமில ஒரு பெடியன் இருக்கிறான். அவன் எறியிற பந்தை ஒருத்தராலயும் தொடேலாது. மூண்டு பேரைக் குடுத்தால் தருவினமாம்."

"எந்த மூண்டு பேர்?"

"ரெண்டு பேர் சின்னப் பெடியள்."

மூன்றாவது ஆள் யார் என்பதற்குப் பதிலாக இன்னொரு கத்தரிக்காயைப் பொறுக்கினார்.

"பெத்த பிள்ளையைக் குடுத்தோ கப் எடுக்கப் போறியள்?"

"ரீம் எண்டால் பாசம் பாக்கேலாது."

இருக்கிற பிள்ளைகளைப் பழக்கி எடுக்க மூன்று வருடம் வேண்டுமாம், அவ்வளவு காலம் பொறுக்க முடியாதாம். கொடுத்தும்விட்டார். மகள் அழவில்லை. வாராவாரம் பாலம் தாண்டி அவளைப் புரோசார்ட்டுக்குக் கொண்டுபோய் விட்ட எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது.

அந்தப் பெடியன் இரண்டு ஆட்டம் எறிந்தான். மூன்றாவது ஆட்டத்துக்கு முன் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். இந்த நகரத்துத் தமிழர் பாதிப் பேர் எப்போதும் ரொறன்ரோவில் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அந்த வீட்டார் இருக்கிறார்களா, போகிறார்களா என்று ஒரு வார்த்தை விசாரிக்க இந்த விளையாட்டு மூளைக்குத் தோன்றவில்லை. புரோசார்ட் பயிற்சியாளருக்கு அது முதலே தெரியும் என்பது இன்னும் அழகு. இவருடைய அணி கடைசியாக வந்தது.

அடுத்த கோடை நெருங்க, சாப்பாட்டு மேசையில் இவர் குரலில் தேன் வடிந்தது.

"பிள்ளை, இந்தமுறை அப்பான்ர ரீமுக்கு வாங்கோ."

அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. மகள் தட்டிலிருந்து தலை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"எனக்குப் பதிலா ஆரைக் குடுப்பியள்?"