மிச்சம் வைக்காத தண்ணீர்

நாரணாபுரம் விலக்கு வந்ததும் சீனிவாசகம் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். சட்டைப் பையில் குத்தியிருக்கும் பேனாவை எடுத்து, மூடியை இறுக்கி, மை கசிந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்து, தோள்பையில் துண்டுக்கு அடியில் செருகுவார். பேனா தெரிந்தால் கதவுகள் சாத்திக்கொள்ளும்.

ஆயுள் இன்சூரன்ஸ் ஏஜென்ட். சாத்தூரில் ஒற்றை அறை, ஓட்டல் சோறு. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டு வாசலில் நின்று, "நீங்க இல்லாமப் போயிட்டா..." என்று பேச்சைத் தொடங்குகிற பிழைப்பு. "சாவுச் சீட்டு வந்துருச்சுடோய்" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். "கம்பெனிக் கட்டடத்துக்கு மொதலாளி இன்சூரன்ஸ் போட்டிருக்காருல்ல? நாங்களும் அதுக்குள்ளதான கெடக்கோம்" என்று ஒருவன் மடக்குவான்.

பட்டாசுக்கு மருந்து கலக்கும் பெத்தணன் வீட்டில் மட்டும் தண்ணீர் கிடைத்தது. அவன் மனைவி இருளம்மாள் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டே கேட்பாள். இன்சூரன்ஸ் என்றால் என்ன, செத்தபின் யாருக்கு என்ன கிடைக்கும் என்று அவர் சொல்லி முடித்ததும், விறுட்டென்று எழுந்து செம்பு நிறையக் கொண்டுவருவாள்.

"மிச்சம் வைக்காமக் குடிங்க."

அப்படிச் சொல்ல அவருக்கு வேறு யாரும் இல்லை. பெத்தணன் இன்சூரன்ஸில் சேரமாட்டான் என்று தெரிந்த பிறகும் அந்தத் தண்ணீருக்காகவே மிதித்துக்கொண்டு வருவார்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில் ஒருநாள், இன்றைக்குத் தொழில் பேச்சே வேண்டாம் என்று முடிவுசெய்துகொண்டு போனார். மழையைப் பற்றிப் பேசினார். கூடு காயாத கஷ்டத்தை விசாரித்தார். இருளம்மாள் ஒட்டுகிற கையை நிறுத்தி அவர் முகத்தையே பார்த்தாள்.

"வேற ஒண்ணும் சொல்ல வரலையா ஐயா?"

"இல்லம்மா. சும்மாதான்."

எழுந்து உள்ளே போனவள் திரும்பவில்லை. பசைச் சட்டியில் ஈ மொய்த்தது. செம்புத் தண்ணீரும் வரவில்லை. ஏஜென்டாக வந்தால்தான் இந்த வாசலிலும் மரியாதை போலிருக்கிறது. பேனாவை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு கிளம்பினார். அப்புறம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

தை பிறந்தபின் சாத்தூர் ஸ்டேஷனில் பெத்தணன் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"என்னய்யா, எங்களை மறந்துட்டீக? கெட்ட சொல்லு வீட்டுல தங்கக் கூடாது, சொன்னவுக வாயோட போயிரணும்னுதான் அவ ஒவ்வொரு வாட்டியும் ஒங்களுக்குத் தண்ணி குடுத்து முழுங்க வச்சுருக்கா, பாத்துக்கோங்க." பெத்தணன் சிரித்தான்.

"அன்னைக்கு நீங்க அந்தப் பேச்சையே எடுக்கலையாமே. விருந்தாளியால்ல வந்துருக்காகன்னு, காப்பி போடக் கருப்பட்டி வாங்கக் கொல்லை வழியாக் கடைக்கு ஓடியிருக்கா. வந்து பாத்தா ஒங்க சைக்கிளைக் காணோம்."