அடுப்பு மூட்டாத காலை

எங்கள் அப்பாவுக்கு மோட்டாரை முன்னால் ஓட்டத் தெரியும்; பின்னால் ஓட்டத் தெரியாது. இந்த ஒன்றை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

ஜொகூரில், சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஆபீசில் துரைக்கு அடுத்தபடி அவர் வைத்ததுதான் சட்டம். துரை புது வண்டி வாங்கியபோது பழையதை அப்பா எடுத்துக்கொண்டார். தோட்டத்து லாரி டிரைவர் பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். பதினோராம் நாள் வண்டியைப் பின்னால் எடுக்கும் பாடம். அன்றைக்கு டிரெஸர் வீட்டுக் கோழிக்கூடு போயிற்று. டிரெஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர். மருந்து கொடுப்பதைவிடச் சேதி கொடுப்பதில் கெட்டிக்காரர். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பா அந்தப் பாடத்தை அத்தோடு முடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வண்டியைத் திருப்ப வேண்டி வந்தால் அப்பா இறங்கி நின்று ஆகாயத்தைப் பார்ப்பார். எங்கிருந்தோ நாலு பேர் வந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளித் திருப்பி நிறுத்துவார்கள். "கியர் கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்பார் அப்பா. "ஆமாங்கய்யா, இறுக்கந்தான்" என்பார்கள் அவர்கள். விஷயம் தோட்டம் முழுவதுக்கும் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை.

எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. துரை பத்து நாள் லீவில் மலைவாசத்துக்குப் போகப்போகிறார் என்று தெரிந்த அன்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நாமளும் போலாம். நாலு நாள். நம்ம வண்டியில."

அம்மா ரசத்தை ஊற்றினாள். அவளுக்கு அப்பாவின் திட்டங்கள் புதிதல்ல.

"பத்து பகாட்டுல ஒரு ராத்திரி, மூவார்ல ஒரு ராத்திரி, செகாமட்டுல ஒரு ராத்திரி. எல்லா ஊர்லயும் ரெஸ்ட் ஹவுஸ் இருக்கு. துரைமாருங்க அதுலதான் தங்குறாங்க. கட்டிலும் கொடுத்து, காலையில பசியாறவும் கொடுத்துடுவாங்க. மூணு காலையும் நீ அடுப்புப் பக்கமே போக வேண்டாம்."

அம்மாவின் கை நின்றது. "மூணு காலையுமா?"

"மூணும்" என்றார் அப்பா, தானே போய்ச் சமைக்கப் போகிறவர் போல.

அம்மா ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு. ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுகிற அந்த இடத்துக்கு அப்பா பசியாறாமல் போகமாட்டார். அதனால் அம்மா நாலு மணிக்கே எழுந்து ரப்பர் விறகை ஊதிக்கொண்டிருப்பாள். மழைக்காலத்தில் அந்த விறகு எரிவதில்லை, அழுகிறது. கூடவே அவளையும் அழவைக்கும். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நானும் தங்கையும் பிறந்த சமயங்களைத் தவிர அவள் அடுப்பு மூட்டாத காலை கிடையாது. அந்தக் காலைகளிலும் அப்பா இரண்டு முறை வந்து சீனி டப்பா எங்கே என்று கேட்டாராம்.

மறுநாள் மத்தியானம் அம்மா தகரப் பெட்டியைத் திறந்து மூன்று சேலைகளை எடுத்தாள். எல்லாம் நல்லது கெட்டதுக்குக் கட்டுகிறவை, புகை படாதவை. வெயிலில் காட்டி மடித்துத் தனியாகக் கட்டில் தலைமாட்டில் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "ஊருக்குப் போறமே" என்றாள். காலைக்கு ஒன்று என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அப்பா திட்டம் போட்ட அழகைச் சொல்லி முடியாது. மூன்று ரெஸ்ட் ஹவுஸுக்கும் கடிதம் எழுதினார். கட்டில் எத்தனை, பசியாறுவதற்கு என்ன என்று கேட்டுவிட்டு, மூன்றாவது கேள்வியாக, 'வண்டி ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேற வசதி உண்டா' என்றும் கேட்டார். வாசலுக்கு முன் வட்டப் பாதை உண்டு என்று மூவாரிலிருந்து பதில் வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டச் சொன்னார். ஆற்றைக் கடக்கும் பெர்ரிப் படகில் வண்டியை ஏற்றும்போது பின்னால் எடுக்கச் சொல்வார்களா என்று லாரி டிரைவரிடம் மூன்று தடவை விசாரித்தார், ஒவ்வொரு தடவையும் வேறு யாருக்காகவோ கேட்பது போல. "நேரா ஏறி நேரா எறங்கலாங்கய்யா" என்ற பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பிறகு ஆபீஸ் மிஷினில் கார்பன் தாள் வைத்துப் பயணத் திட்டத்தை மூன்று பிரதி டைப் அடித்தார். புறப்படும் நேரம், ஆயர் ஹீத்தாமில் கோப்பி குடிக்கப் பதினைந்து நிமிடம், பத்து பகாட் ரெஸ்ட் ஹவுஸ் சேரும் நேரம் எல்லாம் அதில் இருந்தது. ஒன்று லீவு மனுவோடு துரைக்கு. இரண்டாவது ஆபீஸ் பைலுக்கு. எழுத்தெல்லாம் மங்கிப்போன மூன்றாவது எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறம் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டது. குடும்பத்தோடு ஊர் சுற்றப் போவதற்கு ஆபீசில் பைல் திறந்த மனிதர் ஜொகூரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்த பைல்தான் வினை. மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரைக் கணக்கைக் கொடுக்க வந்த டிரெஸர் அதைப் படித்துவிட்டார். அடுத்த வாரமே பத்து பகாட்டிலிருந்த அவருடைய அக்காள் புருஷனிடமிருந்து கடிதம் வந்தது. 'நாங்கள் இங்கே உயிரோடு இருக்கையில் தாங்கள் குடும்ப சமேதராய் ரெஸ்ட் ஹவுஸில் தங்கினால் நாலு பேர் எங்களை என்ன நினைப்பார்கள்' என்று எழுதியிருந்தார். அந்த மனிதரை நாங்கள் ஒரு கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறோம்.

"வேண்டாம்னு எழுதிடுங்களேன்" என்றாள் அம்மா.

"எப்படி எழுதுறது? டிரெஸர் மூஞ்சியில நான் முழிக்க வேணாமா? ஏற்கெனவே கோழிக்கூடு வேற இருக்கு."

"அங்க போனா நீங்க முன்னால உக்காந்து பேசிக்கிட்டிருப்பீங்க. நான் அவங்க வீட்டு வெறக ஊதணும்."

"விருந்தாளிய யாரும்மா ஊதச் சொல்லுவாங்க?" என்றார் அப்பா. அவர் விவரம் அவ்வளவுதான். போன வீட்டில் பொம்பளை கூடத்தில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்த வீட்டில் அதுதான் பேச்சு. வாசலில் செருப்பைக் கழற்றினால் நேராகக் குசினிதான், அடுப்படி வேலைதான். எனக்கே பத்து வயதில் அது தெரிந்திருந்தது. அன்று சாயங்காலம் ஒரு சேலை பெட்டிக்குள் திரும்பிப் போயிற்று.

அடுத்து செகாமட்டிலும் ஒருவர் முளைத்தார். அவருக்கு யார் சொன்னது? சாட்சாத் அப்பாவேதான். அங்கே ரயில்வேயில் இருந்த அவர் ஊரிலிருந்து அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவர். கூடப் பிறந்தவனைவிடக் கூடக் கப்பலேறியவன் ஒரு படி மேல் என்பது அப்பாவின் கட்சி. ஆனாலும் அவருக்குத் தெரியாமல் ரெஸ்ட் ஹவுஸில் தங்கிவிட்டு வருவதாகத்தான் ஏற்பாடு. ஆசை விட்டதா? திரும்பி வரும் வழியில் சாஆ பக்கம் வெள்ளம் ரோட்டை அரித்திருக்கிறதா என்று கேட்கிற சாக்கில், தமக்குச் சொந்த மோட்டார் இருப்பதையும் சொல்லி ஒரு கடிதம் போட்டார். ரோடு நன்றாக இருக்கிறது, உங்களுக்கு அறை ஒழித்துவைத்தாயிற்று என்று பதில் வந்தது.

இரண்டாவது சேலையும் பெட்டிக்குப் போயிற்று. அன்றைக்கு அப்பாவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவருடைய பவுண்டன் பேனாவை ஒளித்து வைத்துவிட்டு, அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மூவாரில் எங்களுக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது. அதுதான் மிச்சம் இருந்த நம்பிக்கை. புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது அங்கிருந்தும் கடிதம் வந்தது. முன்பு எங்கள் தோட்டத்தில் அப்பாவுக்குக் கீழே சின்னக் கிராணியாக இருந்தவர், இப்போது மூவாரில் பள்ளிக்கூட வாத்தியார். சேதி எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்ததோ, அதை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். படிக்கும்போதே முகத்தில் பெருமை வழிந்தது.

"பாத்தியா, இன்னும் மரியாத வச்சிருக்கான். 'ஆற்றோரத்துச் சந்தில் நேராக வந்தால் கடைசி வீடு. வண்டியை வாசலிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.' எவ்வளவு வசதி."

அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கடைசி வீடா?"

"ஆமா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஆறு."

"சந்து எவ்வளவு அகலமாம்?"

அப்பா கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"உள்ள போயிடுவீங்க" என்றாள் அம்மா. "மறுநாள் எப்படி வெளிய வருவீங்க?"

நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. நான் தங்கையைப் பார்க்காமல் இருக்க என்னாலானமட்டும் முயன்றேன். பார்த்தால் இரண்டு பேரும் சிரித்துவிடுவோம்.

"அங்கயும் நாலு பேரு இருக்க மாட்டாங்களா" என்றார் அப்பா, மெதுவாக.

"ஏன் இருக்க மாட்டாங்க? இருப்பாங்க. உங்ககிட்ட கைகட்டி வேல பாத்தவரு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு, அவங்க தள்ளுவாங்க." ஒரு பயற்றங்காயை எடுத்து நுனியைக் கிள்ளினாள். "கியர் இறுக்கம்னு சொல்லிக்கலாம்."

அன்றே அப்பா பதில் எழுதினார். வண்டியின் நீளத்தை முன்னிட்டுத் தங்கள் சந்துக்குள் வருவதற்கில்லை, மிகவும் வருந்துகிறேன், ரெஸ்ட் ஹவுஸில் தங்கித் தங்களை நடந்தே வந்து பார்க்கிறேன் என்று. எங்கள் வண்டியில் நாலு பேர் உட்கார்ந்தால் அம்மாவின் மடியில் ஒரு கூடை, அதன்மேல் தங்கை, தங்கையின் மேல் என் முழங்கை. அதன் நீளத்தைப் பற்றி அப்பா ஒரு பக்கம் எழுதினார். மூன்றாவது சேலை தலைமாட்டிலேயே இருந்தது.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்து பகாட்டில் அப்பா முன் அறையில் உட்கார்ந்து மோட்டாரைப் பற்றிப் பேசினார். விடிகிற நேரத்தில் அம்மா குசினியில் பதினொரு பேருக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அம்மாள் "நீங்க உக்காருங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே மாவுச் சட்டியை அவள் பக்கம் நகர்த்திக்கொடுத்தார்.

அன்று மத்தியானம் பெர்ரியில் நேராக ஏறி நேராக இறங்கி மூவாருக்கு வந்தோம். ரெஸ்ட் ஹவுஸின் வட்டப் பாதையில் அப்பா ஒன்றுக்கு இரண்டு தடவை சுற்றினார்.

மறுநாள் நான் கண் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. அம்மா குளித்து, தலைவாரி, அந்த மூன்றாவது சேலையைக் கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் உட்காருவது போல. எப்போது எழுந்தாய் என்று கேட்டேன். "நாலு மணிக்குத்தான் முழிப்பு வந்துடுதே" என்றாள். அத்தனை நேரமும் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பின்கட்டில் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டபோதெல்லாம் அவளுடைய கால் தரையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

வயதான சீனச் சமையற்காரர் தட்டைக் கொண்டுவந்து வராந்தா மேசையில் வைத்தார். வாட்டிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, தட்டோடு கோப்பி. நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் வைத்தார். அம்மா எல்லாருக்கும் பிறகு சாப்பிட்டுப் பழகியவள். யாருக்குப் பரிமாறுவது என்று தெரியாமல் சற்று நேரம் கையை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு கோப்பியை எடுத்துக் குடித்தாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

"பாலு தித்திப்பு. தூளு கசப்பு. நல்லாவே இல்ல" என்றாள் அம்மா. கோப்பையைத் தட்டில் வைத்தாள். "இன்னொண்ணு கேளுங்க."

அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அன்று சந்தோஷத்தில் பசியே எடுக்கவில்லை. அப்பா இரண்டாவது கோப்பியைத் தாமே போய் வாங்கிவந்தார். அதற்காகவே, பேனாவை ஒளித்துவைக்கும் அளவுக்கு வந்த கோபத்தை விட்டு அவரை மன்னித்தேன்.

அடுத்த நாள் செகாமட்டில் மறுபடியும் விறகு.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்தச் சந்து விஷயம் அப்பாவின் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வீடு திரும்பியதும் யாரிடமும் சொல்லாமல் லாரி டிரைவரைப் பிடித்தார். ரப்பர்க் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு மாதம் பழகினார். ஒருநாள் சாயங்காலம் வாசலில் ஹாரன் அடித்தது. வெளியே வந்து பார்த்தால், ரோட்டு முனையிலிருந்து எங்கள் வீட்டுப் படிவரை வண்டி பின்பக்கமாகவே வந்துகொண்டிருக்கிறது. ஒரு பூந்தொட்டிகூட அசையவில்லை. அப்பா இறங்கி நின்றார். இந்தத் தடவை ஆகாயத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

"இனிமே எந்தச் சந்துக்குள்ளயும் போலாம்" என்றார். "யாரு வீட்டுக்கும் வரலைன்னு சொல்ல வேண்டியதில்ல."

அம்மா கையில் ஊதுகுழலோடு நின்றாள். "நல்லாத்தான் ஓட்டுறீங்க" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வருடமும் துரை மலைக்குப் போனார். அப்பா கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி அடித்தார். பழைய தாளைக் கிழித்துவிட்டு அலமாரிக் கதவில் புதியதை ஒட்டினார். மூன்று ஊர், மூன்று வீடு, ஒரு ரெஸ்ட் ஹவுஸ்கூடக் கிடையாது. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கீழ்வரை படித்தாள். அந்தத் தடவை அவள் தகரப் பெட்டியைத் திறக்கவே இல்லை.