நகலெடுக்காத வரி

ரஃபத் ஜஹான் எதையும் ஒற்றைப் பிரதியாக விட்டுவைப்பவள் அல்ல. ரேஷன் கார்டு முதல் மாமியாரின் கண் பரிசோதனைச் சீட்டு வரை எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு வரியை நகலெடுக்க மறந்தாள். அதில் ஓர் ஆள் செத்திருக்கலாம்.

பேரணாம்பட்டுச் சாலையில், தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமொன்றில் அவளுக்கு வேலை. சகதித் தொட்டியின் விஷவாயு மீட்டர், இரவெல்லாம் நிமிடத்துக்கு ஒரு வரியாக ஒரு ஃபைலில் எழுதும். அதைப் படித்து இரவின் உச்ச அளவைச் சொல்ல, அவளே சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். உச்சம் பத்தைத் தாண்டினால் அன்று யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. விடிகாலையில் காற்றோட்ட விசிறி ஓடியதும் தொட்டியின் மேல்பகுதிக் காற்று சுத்தமாகிவிடும்தான். ஆனால் சகதியில் கால் பட்டால் இரவின் வாயு மறுபடி எழும்.

மூன்று மாதமாக உச்சம் இரண்டு, மூன்று. இவ்வளவு சாதுவான தொட்டி ஆம்பூர் வட்டாரத்திலேயே இல்லை என்று பெருமை வேறு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேனேஜர் சுஹேல் அகமது பழைய உச்சங்களை நேரத்தோடு அச்சடித்துத் தரச் சொன்னார். தாளைப் பார்த்தவள் டீயைக் கீழே வைத்தாள். தொண்ணூறு நாளும் உச்சம் சரியாகக் காலை ஆறு மணிக்கு. மனிதர்களே டியூட்டிக்கு அப்படி வருவதில்லை. ஆறு மணி வரி, ஃபைலின் கடைசி வரி.

பிழை சீக்கிரமே பிடிபட்டது. வரிகளைப் படித்துத் தர அவள் ஓர் இலவச லைப்ரரியைப் பயன்படுத்தியிருந்தாள். அது ஃபைலைக் கொத்துக்கொத்தாக அள்ளி பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் போட்டுக்கொண்டு, கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியாக ஒரே இடத்தில் எழுதிக் காட்டும்; அடுத்தது வந்ததும் முந்தையது அழியும். வேண்டிய வரியை நகலெடுத்துக்கொள்ளுங்கள் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. இவள் வரியை விட்டுவிட்டு, அது இருந்த இடத்தை மட்டும் குறித்துவைத்திருந்தாள். ஆகவே ஒவ்வொரு வரியும், அதுவரையான உச்சத்தோடு மோதுவதற்குப் பதில், தன்னோடு தானே மோதியது. கடைசியாக வந்தது ஜெயித்தது.

ஜன்னலுக்கு வெளியே, தொட்டி ஆள் சுந்தரமூர்த்தி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஓடினாள்.

"அண்ணா, இறங்காதீங்க!"

"இன்னா மேடம், ரெண்டுதான்னு நீங்கதான சொன்னீங்க?" ஒரு கால் ஏற்கெனவே ஏணியில்.

"தப்பா சொல்லிட்டேன். மேல வாங்க."

"கம்ப்யூட்டரே பொய் சொல்லுதா? இனிமே வீட்ல என்னைய மட்டும் திட்ட மாட்டாங்க."

நகலெடுக்கும் கட்டளையைச் சேர்த்து ஓட்டினாள். முந்தின இரவு இரண்டே முக்காலுக்கு, இருநூற்றுப் பத்து. பழைய ஃபைல்களையும் ஓட்டினாள். சுந்தரமூர்த்தி இறங்கிய பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள், பத்துக்கு மேல்.

"ஒம்போது தபாவா?" என்றார் அவர். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டார்.

அவள் நீட்டிய புதிய கணக்குத் தாளை சுஹேல் அகமது தொடவே இல்லை. "மூணு மாசமா யாருக்கும் ஒண்ணும் ஆகல. புதுசுதான் ராங்கா இருக்கும். பழசையே போடு."

"பழசு கடைசி வரிய மட்டும்தான் சார் சொல்லுது."

"இன்னிக்கு சகதி அள்ளியே ஆகணும்மா. எனக்கு இந்த பேஜாரே வேணாம்." கூலி ஆள் அனுப்பும் ஏஜென்டுக்குப் போன் போட்டார். "திமிரியிலேர்ந்து ரெண்டு பேர அனுப்பு. ஜாஸ்தி கேள்வி கேக்காத ஆளுங்களா."

ரஃபத் தொட்டி மூடியைப் பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு மூடியருகே உட்கார்ந்தாள். சுந்தரமூர்த்தி பக்கத்தில் நின்றார்.

"பூட்டு வெட்டற கட்டர் ஸ்டோர்ல இருக்கு ரஃபத்," என்றார் மேனேஜர், ஏறக்குறைய அன்பாக.

பன்னிரண்டரைக்கு கேட்டில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. சாப்பாட்டுத் தூக்கோடு இரண்டு பேர் இறங்கி, தொட்டி எந்தப் பக்கம் என்று வாட்ச்மேனைக் கேட்டார்கள். அவர் கை நீட்டிக் காட்டினார்.