ஹெலிகாப்டரும் என் வலது காலும்

வீடியோ கேம் கண்ட்ரோலர்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படுகிற அளவில் என் கடை. பட்டனுக்கு அடியில் சிக்கிய பிஸ்கட் தூளைத் தட்டி எடுப்பேன். யாரும் தொடாமலே இடப்பக்கம் ஓடுகிற ஸ்டிக்கை மாற்றிக் கொடுப்பேன். இரண்டு கட்டைவிரலால் ஆடுகிற சாதாரணக் கண்ட்ரோலர் மேல் எனக்கு அப்படியொரு பக்தி. புதிது புதிதாக வருகிற கோமாளித்தனங்களைக் கண்டாலே ஆகாது. தூண்டில் மாதிரி ஒன்று வந்தது, தலையணை மாதிரி ஒன்று வந்தது. நெற்றியில் மாட்டிக்கொண்டு நினைத்தால் போதும், திரையில் இருப்பது நகரும் என்று ஒரு பட்டையும் வந்தது. அதை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நினைத்தேன். தும்மியபோது மட்டும் நகர்ந்தது.

வாடிக்கையாளர்களிடம் இதற்கெல்லாம் தொழில்நுட்பக் காரணம் சொல்வேன். சென்சார், தேய்மானம், ஸ்பிரிங் என்று அடுக்குவேன். உண்மைக் காரணம் வேறு. கல்யாணமான புதிதில், கையை வீசினால் திரையில் டென்னிஸ் ஆடுகிற கோல் ஒன்றை ஆசையாக வாங்கினேன். மாமனார் முன்னால் திறமையைக் காட்ட வேண்டாமா? முதல் வீச்சிலேயே அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்து பீரோவுக்கு மேல் போய் விழுந்தது.

"மாப்ள, பந்து எந்தப் பக்கம் போச்சு?" என்று அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு திரையைத் தேடினார். அன்றைக்குத்தான் நான் இந்த விஷயத்தில் நிபுணன் ஆனேன்.

போன வருடம் ஒருநாள் மொத்த வியாபாரி ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே, காலால் இயக்குகிற ஒரு பலகை.

"அண்ணே, கையே வேணாம். சாய்ச்சா திரும்பும், அழுத்தினா மேல போகும். கடையில ஒண்ணு வச்சுப் பாருங்க."

"கால்ல ஆடறதுக்கு ஃபுட்பால் இருக்கே, அது பத்தாதா?"

"ஆடிப் பாத்துட்டுத் திட்டுங்கண்ணே" என்று பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நியாயமாகத்தான் பட்டது. ஆடிப் பார்த்துவிட்டே திட்டுவோம் என்று வீட்டுக்கு எடுத்துப் போனேன். பலகையோடு வந்த விளையாட்டில் ஒரு ஹெலிகாப்டர். கட்டடங்களின் மொட்டை மாடியில் அதைப் பூப்போல இறக்க வேண்டும். வலது காலை வைத்து அழுத்தினேன். விருட்டென்று கிளம்பி வானத்தைத் தாண்டிப் போய், தலைகீழாக வந்து விழுந்தது. பதினோரு முறை இதே கதை. பலகையைத் திட்டுவதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் கைவசம் சேர்ந்துவிட்டன.

அப்போதுதான் என் மனைவி வேலை முடிந்து வந்தாள். அவள் பல் மருத்துவர். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, எதுக்கு இப்படி மிதிக்கிறீங்க? அதென்ன கரப்பான்பூச்சியா?"

"நீ வேற. இது சுத்த டப்பா. அழுத்தம் எதுவும் இதுக்குப் புரியல."

"தள்ளி உட்காருங்க."

உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரலை மட்டும் பலகைமேல் வைத்தாள். கைகள் பாட்டுக்கு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தன. ஹெலிகாப்டர் மெல்ல எழுந்தது, திரும்பியது, மூன்றாவது கட்டடத்தின் மொட்டை மாடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"எப்படி?" என்றேன்.

"பதினாறு வருஷமா பல் குடையற மெஷினைக் கால்லதானே ஓட்டறேன்? உங்களை மாதிரி மிதிச்சா பேஷன்ட் எந்திரிச்சு ஓடிடுவாங்க" என்றாள். ஒரு சுளையை என் வாயில் போட்டுவிட்டு அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பினாள்.

தோற்றவன் கடைசியில் ஸ்க்ரூ டிரைவரைத்தானே எடுக்க முடியும்? மறுநாள் பலகையைத் திறந்து உள்ளே இருந்த ஸ்பிரிங்கைக் காட்டினேன். "பாரு, பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங் மாதிரி இருக்கு. மூணு வாரம்கூடத் தாங்காது."

"அப்ப மூணு வாரம் ஆடிக்கறேன். மூடுங்க."

மூன்று வாரம் தாங்கவில்லை. ஒன்பதாம் நாளே உடைந்தது. உடைத்தது நான். அவள் கிளினிக் போனதும், கடை திறக்கும்வரை யாருக்கும் தெரியாமல் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். நான்காவது கட்டடத்தில் கோபம் வந்து ஓங்கி மிதித்துவிட்டேன்.

சாயங்காலம் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 'நான்தான் அப்பவே சொன்னேனே, தாங்காதுன்னு' என்ற வாக்கியத்தையும் கடைசியில் சேர்த்துப் பார்த்தேன். எடுபடவில்லை. அடுத்த நாள் அவள் கிளினிக்கில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய மெஷினின் மிதியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதில் இருந்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் பலகையில் மாட்டினேன். புதிதாக வந்தபோது இருந்ததைவிட நன்றாக ஓடியது. செய்தவனைவிட நான் கெட்டிக்காரன் என்று கொஞ்ச நேரம் பெருமையாக இருந்தது. பிறகு ஹெலிகாப்டர் வழக்கம்போல விழுந்தது.

இப்போது மொத்த வியாபாரி தருகிறவற்றையும் கடையில் விற்பனைக்கு வைத்து, ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். விசித்திரமான கருவி கேட்டு யாராவது வந்தால் கால்மணி நேரம் ஆடச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் தாங்களாகவே வேண்டாமென்று வைத்துவிடுகிறார்கள். அந்த எட்டுப் பேரைப் பார்க்க எனக்கு இன்னமும் ஒரு அற்ப சந்தோஷம். மீதி இரண்டு பேர் முகத்தில் என் மனைவியின் அன்றைய முகம் தெரிகிறது. அவர்களுக்குப் பை எடுத்துக் கொடுத்து அனுப்புகிறேன்.

ஸ்பிரிங் மாற்றி மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான்காவது கட்டடத்தில் என் ஹெலிகாப்டர் முழுசாக இறங்கியது. வீட்டில் பார்க்க ஆளில்லை. உடனே கிளினிக்குக்கு போன் போட்டேன். ரிசப்ஷனில் இருக்கிற பெண் எடுத்தாள்.

"டாக்டர் பேஷன்ட் பாக்கறாங்க சார். ஏதாவது சொல்லணுமா?"

"ஹெலிகாப்டர் இறங்கிடுச்சுன்னு மட்டும் சொல்லும்மா."

அவள் பதறிப்போய்க் கேட்டாள்: "ஐயோ சார், யாருக்கும் அடி கிடி படலையே?"