துளசிமணியக்கா சொன்னது

துளசிமணி என்ற பெண்ணை நான் காட்டிக்கொடுத்தேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே!

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. நீங்கள்தான் முதல் ஆள். கேட்டு முடித்துவிட்டு என்னைத் திட்டுங்கள், காறித் துப்புங்கள். பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். இறுதியாண்டு. விடுதியில் எந்நேரமும் ஒரே பேச்சு: முடித்தபின் யாரிடம் ஜூனியராகச் சேர்வது? ஒருவனுக்கு மாமா வக்கீல். இன்னொருவன் சென்னை உயர்நீதிமன்றம் என்று சொல்லிப் பெட்டியே கட்டிவிட்டான். மற்றொருவன் வங்கி வேலைக்குப் படித்தான். எனக்கு? அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். கறுப்புக் கோட்டு போட்ட ஒருவரைக்கூட எங்கள் சொந்தத்தில் தேடிப் பிடிக்க முடியாது. எத்தனையோ வக்கீல் ஆபீஸ் படியேறினேன். "இடமில்லீங்க தம்பி" என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். மரியாதைக்குக் குறைவில்லை, இடம்தான் இல்லை!

அந்த ஆண்டு எங்களுக்குச் செய்முறைப் பயிற்சி என்று ஒரு பாடம் இருந்தது. வழக்குப் போட்டவர்களை நேரில் கண்டு பேசி, அவர்கள் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதித் தர வேண்டும். நம்பிச் சொன்னது வெளியே போகக் கூடாது. வகுப்பில் அதைத்தான் முதலில் சொல்லித் தந்தார்கள்.

தொண்டாமுத்தூரில் நடந்த சட்ட உதவி முகாமில் துளசிமணியக்கா என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கணவர் ரங்கசாமி வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு மகள். இறந்துபோன அப்பா வழியில் வந்த பூர்வீகத் தென்னந்தோப்பில் சமபங்கு கேட்டு அண்ணன்மார் மீது வழக்குப் போட்டிருந்தார். தன் வக்கீல் எதையும் விளக்கிச் சொல்வதில்லை என்பதால் முகாமுக்கு வந்திருந்தார்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று சில ஆண்டுகளுக்கு முன்தான் நம் மாநிலத்தில் சட்டம் வந்திருந்தது. ஆனால் சட்டம் வந்த நாளில் அவள் மணமாகாதவளாக இருந்திருக்க வேண்டும். அக்காவின் கல்யாணமோ அதற்குப் பிறகுதான், மண்டபத்தில், பத்திரிகை அடித்து, ஊரறிய நடந்தது. வழக்கில் ஓட்டையே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மதிப்பெண் வேண்டுமே! பரீட்சைக்குத்தான் கேட்கிறேன், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்று துருவினேன். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"அப்பன் ஒத்துக்கமாட்டாருன்னு பயந்து, மண்டபத்துக் கல்யாணத்துக்கு ரெண்டு வருசம் முந்தியே மலைக்கோயில்ல வெச்சு அவரு எனக்குத் தாலி கட்டிப்போட்டாருங்க தம்பி. மஞ்சக் கயித்தக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். கட்டிவெச்ச பூசாரியும் போய்ச் சேந்துட்டாரு. எங்க ரெண்டு பேரத் தவுர யாருக்கும் தெரியாது. இத எழுதிப்போடாதீங்க கண்ணு."

எழுதினேன். பானையைக்கூட விடவில்லை. சட்டம் வரும் முன்பே தாலி ஏறிவிட்டது, ஆகவே சமபங்கு கிடையாது... இப்படி ஒரு நுட்பத்தை வகுப்பில் எவன் பிடித்திருப்பான்? எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பத்தியின் கீழே கோடு வேறு போட்டேன். அக்காவின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டேன். பெரிய தர்மவான் நான்!

அடுத்த வாரம் ஊரில் பேர்போன வக்கீல் ஒருவரைப் பார்க்கப் போனேன். என் வேலையைப் பாருங்கள் என்று குறிப்பேட்டை நீட்டினேன்.

அவர்தான் அண்ணன்மார் பக்கத்து வக்கீல் என்பது எனக்குத் தெரியாது. இப்படித்தான் இத்தனை காலமும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். பொய்! அவர் மேசைமேல் அந்த வழக்குக் கட்டு இருந்தது. அதன்மேல் துளசிமணி என்ற பெயரை நான் படித்தேன். படித்த பிறகுதான் நீட்டினேன்.

எழுத்து எப்படி இருக்கிறதென்று பார்க்கிறேன், வைத்துவிட்டுப் போங்கள் என்றார். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தார். பரீட்சை முடிந்ததும் வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார். காந்திபுரம் வரைக்கும் டவுன் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனேன்.

விசாரணை நாளன்று நானும் நீதிமன்றத்தில் இருந்தேன். பயிற்சிக்காகக் கடைசி பெஞ்சில். என்னைக் கண்டதும் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. தனக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

வக்கீல் எழுந்து மிகவும் பணிவாகக் கேட்டார்: "அம்மணி, அந்த மஞ்சக் கயித்த அரிசிப் பானைலதானுங்களே ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோப்பில் சமபங்கு அக்காவுக்குத்தான். சத்தியம் செய்துவிட்டு நின்ற பெண்ணுக்குப் பொய் வரவில்லை. "ஆமாங்க" என்றார். அந்த வக்கீல் எனக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று எனக்குக் கோபம் வந்தது. எனக்கு! எந்த முகத்தோடு கோபப்பட்டேன்?

வெளியே தாழ்வாரத்தில் அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"பானைல வெச்சது எனக்கும் எங்கூட்டுக்காரருக்குந்தான் தெரியும் தம்பி. மில்லு மூடுனதுலிருந்து எங்கண்ணங்கிட்ட வேல கேட்டு நடந்துட்டிருந்தாரு. அவருதான் சொல்லிப்போட்டாரு. வேற யாரு சொல்லியிருப்பா, நீங்களே சொல்லுங்க."

என்னிடம் சொன்னதை மறந்துவிட்டாரா? படிக்கிற பையனிடம் சொன்னது வெளியே சொன்ன கணக்கில் வராது என்று நினைத்தாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாயைத் திறந்தேன். "இருக்கலாமுங்கக்கா" என்றேன்.

உடன் வந்திருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா, அங்கே நின்றிருந்த கணவரைத் தாண்டிப் போனார். கணவர் பின்னாலேயே ஓடினார். வழக்கு தோற்றது. நான் பரீட்சையில் தேறி அந்த ஆபீஸிலேயே சேர்ந்தேன். ஆமாம், சேர்ந்தேன்! வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சில ஆண்டுகளில் தனியாக வந்துவிட்டேன். ஒருநாள் நீதிமன்ற வாசலில் ரங்கசாமியண்ணன் என்னைத் தேடி வந்து நின்றார். கையில் விவாகரத்து வழக்கின் சம்மன். தன் ரகசியத்தை அண்ணன்மாரிடம் சொல்லிக் கணவர் நம்பிக்கைத் துரோகம் செய்தார், அதனால் சேர்ந்து வாழ இயலாது என்று அக்கா எழுதியிருந்தார். அன்று தாழ்வாரத்தில் என்னைப் பார்த்திருந்தார்; பிறகு நான் சேர்ந்த ஆபீஸ் எது என்று அவருக்குத் தெரியாது. தனக்குத் தெரிந்த வக்கீல் நான் ஒருவன்தான் என்றார்.

"நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கலீங்க தம்பி. நீங்களாவது நம்பறீங்களா?"

நம்புகிறேன் என்றேன். நம்புவதென்ன... எனக்குத் தெரியுமே!

அந்த வழக்கை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். 'இந்த ரகசியத்தை எதிர்மனுதாரராகிய கணவர் எவரிடமும் வெளியிடவில்லை' என்று, அவர் தரப்புப் பதிலான எதிருரையில் நானே எழுதினேன். நான் எழுதியதிலேயே முழு உண்மையான வரி அதுதான்.

நீதிபதி படித்துவிட்டு நிமிர்ந்தார். இதற்குச் சாட்சி யாராவது உண்டா என்று கேட்டார். ஒரு பக்கம் ரங்கசாமியண்ணன் கைகட்டி நின்றிருந்தார். மறுபக்கம் அக்கா தரையைப் பார்த்தபடி இருந்தார்.

யாரும் இல்லை என்றேன்.