கூட யாரு வந்திருக்கா?

மனநலப் பிரிவில் நர்ஸாக இருப்பதில் ஒரு வசதி உண்டு: நம்மிடம் வந்து குணமானவர்கள் யாரும் கடைத்தெருவில் நம்மை நிறுத்தி நலம் விசாரித்து நேரத்தைக் கெடுக்க மாட்டார்கள். பிரசவ வார்டு நர்ஸுக்கு தீபாவளிக்கு அதிரசம் வரும். நம்மைக் கண்டால் புடவைத் தலைப்பு முகத்துக்குப் போகும். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செல்போன் அப்போதுதான் ஊருக்குள் எட்டிப் பார்த்திருந்தது. விருத்தாசலத்தில் ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் இருந்தேன். அங்கே வந்த கொளஞ்சியம்மாவைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

சாம்பாரில் கலந்தது

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தவள் கொளஞ்சியம்மா. சூளைக்குப் போகும் முன் பொம்மைகளின் பிசிறைத் தேய்த்து வழுவழுப்பாக்குவது அவள் வேலை. மனநோய் வந்து, மருந்தில் கொஞ்சம் தேறி, பிறகு திடீரென்று வீட்டில் சாப்பிடவே மாட்டேன் என்றாள். "சோத்துல என்னமோ கலக்குறாங்க" என்று டாக்டரிடம் சொன்னாள். நோய் முற்றினால் இப்படித்தான் சந்தேகம் வரும் என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதில் அவள் விரல்கள் விறைத்து, பொம்மையைப் பிடிக்க முடியாமல் வேலையை விட்டு நின்றாள்.

வீட்டைப் பார்த்து வரலாம் என்று ஒருநாள் சொல்லாமல் போனேன். அடுப்படியில் அவளுடைய மாமியார் டம்ளரின் அடியால் மாத்திரையை நுணுக்கிச் சாம்பாரில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். கையில் கொடுத்தால் விழுங்குவாளோ மாட்டாளோ என்ற பயமாம். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைப் பிடுங்கியே விட்டேன். வாசலில் நின்று பார்த்த கொளஞ்சியம்மா கத்தவில்லை, அழவில்லை. "நான் சொன்னது நெசமுன்னு ஆயிடுச்சில்ல சிஸ்டர், அப்ப டாக்டரு எதுக்கு மாத்திரைய கூட்டுனாரு?" என்று மட்டும் கேட்டாள்.

சுவரைப் பார்க்கும் பொம்மைகள்

அதன்பின் மாத்திரை குறைந்தது. மாத்திரை அட்டை அவள் கைக்கே போனது. விரல்கள் சொன்னபடி கேட்டன, கம்பெனியிலும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் தேறிவந்ததில் எனக்குத்தான் தலைகால் புரியவில்லை.

நோய் திரும்ப வரும்போது முதலில் தெரியும் அறிகுறி ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும், அதை நோயாளியே கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. அதை அவளிடம் நடத்தினேன். நெடுநேரம் யோசித்தாள். ராத்திரி தூக்கம் போகும், குளிக்கப் பிடிக்காது, பொம்மைகள் முறைப்பது போல இருக்கும், எல்லாவற்றையும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைப்பேன் என்றாள். அப்படி வந்தால் என்ன செய்வாய் என்றேன். "அன்னைக்கே பஸ்ஸு ஏறி வந்துடறேன் சிஸ்டர், யாராச்சும் இட்டாந்து விடட்டும்னு குந்திக்கினு இருக்க மாட்டேன்" என்றாள்.

கல்யாண வீடு

நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. அடுத்த முறை கொளஞ்சியம்மா மாத்திரை வாங்க வரவில்லை. கடைத்தெருவில் பாத்திரக் கடை வாசலில் மாமியாரைப் பார்த்துவிட்டேன். அவர் தலைப்பை இழுத்துக்கொண்டு நழுவப் பார்த்தார், நான் விடவில்லை. மாத்திரையை எடுத்துப் பரணில் ஒளித்துவிட்டார்களாம், வேலைக்கும் அனுப்பவில்லையாம். நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்று தெருவென்றும் பார்க்காமல் கெஞ்சினேன். அவள் புருஷனுக்கும் போன் போட்டுச் சொன்னேன். சரிங்க சரிங்க என்றார், அவ்வளவுதான்.

கடைவாசலில் நான் கெஞ்சியதற்கு அந்த அம்மாள் சொன்ன பதில் இது: "மாப்ள வூட்டுக்காரங்க வந்து போற வூட்டுல மாத்திரை அட்டை கெடந்தா நல்லாவா இருக்கும், தாலி ஏறட்டும் சிஸ்டர், அப்பறம் பழையபடி நானே சாம்பார்ல போட்டுக் குடுத்துடறேன்."

தெளிவான பேச்சு

அந்த வாரம் கம்மாபுரத்தில் எனக்கு விழிப்புணர்வுக் கூட்டம். மரத்தடியில் படம் போட்ட அட்டைகளைக் காட்டி, மனசுக்குச் சரியில்லை என்று தோன்றினால் பயப்படாமல் நீங்களாகவே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று தொண்டை வறளப் பேசினேன். கை தட்டினார்கள்.

அதே நாள் காலையில் கொளஞ்சியம்மா யாருக்கும் தெரியாமல் கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். மாற்றுப்புடவை, சோப்பு, தட்டு, டம்ளர் எல்லாம் பையில். கவுண்டரில் போய், தூக்கம் போய்விட்டது, வீட்டு அலமாரியில் இருந்த பொம்மைகளை எல்லாம் திருப்பி வைத்துவிட்டேன், எனக்கு ஆரம்பித்துவிட்டது, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறாள். கூட ஆள் இல்லாமல் படுக்கை தரக்கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி. "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டிருக்கிறார் கவுண்டரில் இருந்த கிளார்க் தாமோதரன். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் இதைக் கேட்டு நான் போட்ட சத்தத்தில் வார்டே எட்டிப் பார்த்தது. தாமோதரன் கெட்ட மனிதர் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். "இவ்ளோ தெளிவா பேசுது, இதுக்கு என்னா சீக்குன்னு சேக்கறது சிஸ்டர்?" என்றார்.

நாலு பேர்

அன்றைக்கே அவள் வீட்டுக்கு ஓடினேன். சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பின்கட்டில் ஓர் அறை பூட்டியிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அது முடிந்த கையோடு ஒரு லோடு வண்டியில் அவளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். புருஷன், கொழுந்தன், இன்னும் இரண்டு ஆட்கள். மணிக்கட்டில் கயிறு. அதற்குக் கீழே விரல்கள் கன்றி வீங்கி, மடங்கவே இல்லை. அந்த விரல்கள் இனி பொம்மை பிடிக்குமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. நான் கயிற்றை அவிழ்த்தபடி அழுதேன். எத்தனை வருஷ சர்வீஸ் இருந்தாலும் அழுகை வந்தால் வந்ததுதான். கொளஞ்சியம்மா அழவில்லை. சுற்றி நின்ற நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கவுண்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டாள்: "இப்ப கூட ஆளுங்க இருக்குது சிஸ்டர், இன்னைக்காச்சும் சேத்துக்குவாங்களா?"

இன்றைக்கும் ஊர் ஊராகப் போய் அதே அட்டைகளைக் காட்டி 'பயப்படாமல் நீங்களாகவே வாருங்கள்' என்றுதான் சொல்கிறேன், வரும்போது யாராவது ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பதை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்கிறேன்.